சிப்பி பொறுக்கப் போனாளாம்

பாறை எங்கேயிருந்து வந்தது? தையல்நாயகிக்கு முதல் கோபம் அந்தப் பாறையின் மேல்தான் வந்தது. டீவியில் இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கறுகறுவென்று ஓங்கி நிற்கிற பாறை, பாறை உச்சியில் ஒருத்தி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், கீழே எழுத்து ஓடுகிறது, புன்னைமேடு, நாகப்பட்டினம் மாவட்டம், சுனாமிக்கு முந்தின நாள் என்று. புன்னைமேட்டில் பாறையாம்! இந்த ஊருக்கு அம்மிக்கல்லே வெளியூரிலிருந்துதான் வரவேண்டும், இத்தனை வயசுக்கு இந்தக் கரையில் அவள் காலில் ஒரு கல் இடித்தது கிடையாது, அத்தனையும் மணல், கண் எட்டின மட்டும் மணல், பாறை இருந்திருந்தால் ஏறி நின்றிருக்க மாட்டோமா, அட பாவிகளா, பாதி ஊர் பிழைத்திருக்குமே, படம் பிடிக்க இவனுங்களுக்கு மலையாளத்துப் பக்கம் வசதியாக ஒரு கரை கிடைத்துவிட்டது என்பதற்காக இல்லாத பாறையைக் கொண்டுவந்து செத்தவர்கள் தலைமாட்டில் வைக்கிறதா? "யக்கா, நம்ம ஊரு எவ்ளோ அழகா இருக்கு பாருக்கா," என்றாள் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா, தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு. அழகாம். இவள் சுனாமிக்கு அப்புறம் இந்த ஊருக்கு வாழ வந்தவள், கடலுக்கு எட்டத் தள்ளி அரசாங்கம் கட்டிக்கொடுத்த இந்தச் சுனாமிக் குடியிருப்பைத்தான் ஊர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவள், இவளுக்கு என்ன தெரியும். வாரம் பூராவும் விளக்கு வைக்கிற நேரத்தில் இந்த நாடகம் ஓடியது, ஊரே இதையே பேசியது, இன்றைக்குத்தான் கடைசி, இன்றைக்குத்தான் கடல் வரப்போகிறது. தையல்நாயகி ரிமோட்டை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்தாள். குஞ்சம்மா வந்தவள் ரிமோட்டைத் தேடவே இல்லை, டீவிக்குப் பின்னால் விரலைவிட்டு எதையோ அமுக்கினாள், பளிச்சென்று வந்துவிட்டது. வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் தையல்நாயகியின் புருசன் கலியமூர்த்தி உட்கார்ந்திருந்தார், ஐஸ் கம்பெனியில் வேலை முடிந்து வந்து கைலி மாற்றினவர், வாரம் பூராவும் இந்தப் பெட்டிப் பக்கமே திரும்பாத மனுசன், இன்றைக்குப் பார்த்து எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

அதைத்தான் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாறையின் மேல் வந்த கோபம் நிஜம்தான், ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு பயம் கிடந்தது, இந்த நாடகத்தில் உண்மை வந்துவிடுமோ என்கிற பயம். சொன்னது அவள்தானே. ஆனி மாதம் டீவிக்காரர்கள் அனுப்பி அந்தப் பெண் வந்தாள், நிவேதிதா, கதை எழுதுகிறவளாம், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, மணலில் நடக்கத் தெரியாமல் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, அம்மா அம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு. கருவாட்டுக் குழம்பை மூக்கு ஒழுக ஒழுகத் தின்றாள். நல்ல பிள்ளைதான், பொய் சொல்லக்கூடாது. ஆபீசர் வந்து கேட்டிருக்கிறான், பத்திரிகைக்காரன் கேட்டிருக்கிறான், வெள்ளைக்காரன் கேட்டிருக்கிறான், எல்லாரும் எத்தனை பேர் செத்தார்கள் என்றுதான் கேட்டார்கள், இவள் ஒருத்திதான் உங்க பொண்ணு எப்படிப்பட்ட பொண்ணும்மா என்று கேட்டாள். அப்படிக் கேட்டால் எந்தத் தாய் வாயைக் கட்டுவாள்? கொட்டிவிட்டாள். புருசனிடம் இருபது வருசமாகச் சொல்லாததை, போனை நடுவில் வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்த ஒரு வெளியூர்ப் பெண்ணிடம் கொட்டிவிட்டாள். புருசனிடம் சொன்னது வேறு. புள்ள தூங்கிக்கிட்டு இருந்தா, அவளுக்கு ஒன்னுமே தெரியாது, தூக்கத்துலயே போயிட்டா, என்றுதான் அன்றைக்கு எல்லாரையும் கொண்டுபோய்ப் போட்டிருந்த கல்யாண மண்டபத்தில் சுவரோரம் படுத்துக் கிடந்தபோது அவரிடம் சொன்னாள். உடம்பு மேற்கே கருவைக்காட்டில் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்து அடித்துக்கொண்டு போயிருந்தாலும் அங்கேதான் கிடந்திருக்கும், கரையிலிருந்து அடித்துக்கொண்டு போயிருந்தாலும் அங்கேதான் கிடந்திருக்கும், அதனால் பொய் நின்றுவிட்டது. அவர் "ம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பொய்யை இந்தப் பெட்டி இன்றைக்கு நடுவீட்டில் போட்டு உடைக்குமா உடைக்காதா என்று தெரியாமல் அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள்.

தூக்கமாவது! அவள் பெண் வெண்ணிலாவாவது விடிந்தபிறகு தூங்குவதாவது! ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் எழுந்து, பழையசோற்றைப் போட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் சப்பணம் கூட்டி உட்கார்ந்திருந்தாள், இப்போது வெளியூரில் வேலை பார்க்கிற தம்பிப் பயல் அன்றைக்குக் கைப்பிள்ளை, அவனுக்குக் காய்ச்சல், அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு தையல்நாயகி உள்ளேயும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள், அப்போதுதான் கரையிலிருந்து சத்தம் வந்தது. ஓடியாங்கடோய், கை போடுங்கடோய்! புன்னைமேட்டில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான், ஏதோ ஒரு மீன்பிடிப் போட்டு அலையில் மாட்டிக்கொண்டது, ஆள் பத்தவில்லை, வந்து கயிற்றைப் பிடித்து இழு. கேட்டவன் கேட்ட இடத்திலிருந்து ஓடவேண்டும். அடுப்பில் இருக்கிறது அடுப்பில், தட்டில் இருக்கிறது தட்டில். நேற்றுத் தாலி கட்டிக்கொண்டு வந்த பெண்ணும் ஓடுவாள், சண்டைக்காரனும் ஓடுவான், கைப்பிள்ளைக்காரி ஒருத்திதான் விலக்கு, வராத வீட்டோடு ஊர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாது. அப்படியே பழகின கால்கள். சத்தம் கேட்டால் கடலைப் பார்த்து ஓடும், கடலை விட்டு ஓட அந்தக் கால்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைக்குக் கடல் முதலில் பூனை மாதிரிதான் வந்தது, முழங்கால் அளவு, வந்து கரையில் கிடந்த போட்டுகளை மெல்ல நகர்த்திக்கொண்டு திரும்பியது, போட்டு போகிறதே என்று கலியமூர்த்தி சத்தம் போட்டார். ஆமாம், அவர்தான். ஊரில் அவர் தொண்டைக்கு ஈடு கிடையாது, மைக்கு வேண்டாம், நாகூரில் நின்று கூப்பிட்டால் இங்கே கேட்கும் என்று கேலி பண்ணுவார்கள், எப்போது ஆள் வேண்டுமென்றாலும் கலியமூர்த்தியைக் கூப்பிடு, சத்தம் போடட்டும் என்பார்கள். அந்தக் குரல் கேட்டு ஊர் மொத்தமும் ஓடிற்று. ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து நின்றபோதுதான் இரண்டாவது தண்ணீர் வந்தது, கறுப்பாக, கொதிக்கிற தார் மாதிரி. ஊர் ஓடாமல் சாகவில்லை, ஓடித்தான் செத்தது. வெண்ணிலாவுக்குக் கயிற்றின் வால்தான் இடம், சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் கொடுப்பார்கள், அந்த வருசம்தான் முதல்முதலாகக் கொடுத்திருந்தார்கள், அதில் அவளுக்கு எத்தனை பெருமை, வாலை எவளுக்கும் விட்டுத்தர மாட்டாள். அப்பா குரல் என்று கேட்டதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள், ஓடினாள். தையல்நாயகி முதுகைத்தான் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. இருபது வருசமாக அந்த முதுகுதான், திரும்பவே திரும்பாது, எத்தனை தடவை நினைத்தாலும் முதுகுதான் வரும், ஒரு தடவை திரும்பித் தொலையேண்டி என்று கத்தவேண்டும் போலிருக்கும்.

அப்பா குரல் கேட்டுத்தான் போனாள் என்று அந்த மனுசனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் அன்றைக்கே மின்விசிறியில் தொங்கியிருப்பார். சொல்லாமலே அவர் பாதி செத்தாயிற்று. அந்தத் தொண்டை அன்றோடு அடைத்துப் போனது. கடலுக்குப் போகிறதை விட்டார், ஐஸ் உடைக்கப் போனார், ஆட்டைக்கூட வாயால் கூப்பிடமாட்டார், கையால்தான் காட்டுவார், பஸ் தாண்டிப் போனாலும் நிறுத்தச் சொல்லிச் சத்தம் போடாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற மனுசன். ஊர் அவரை ஒரு சொல் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனும் நாலு பிள்ளையைப் பறிகொடுத்தவனும் அவர் முகத்துக்கு நேரே அன்றைக்குச் சத்தம் போட்டது யார் என்று கேட்டது கிடையாது, குடித்துவிட்டுக்கூடக் கேட்டது கிடையாது. கேட்காமல் இருக்கிறது கேட்கிறதைவிடக் கொடுமை என்று அவளுக்குச் சில நாள் தோன்றும். அப்பேர்ப்பட்ட ஊரின் வாயில் இந்த டீவிக்காரன் எதைப் போடப்போகிறான்? நிவேதிதா எழுதியிருப்பாள், நீங்க சொன்னது சொன்னபடியே வரும்மா என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளே, அப்படியே வந்தால் ஒரு அப்பன் கரையில் நின்று கத்துவான், ஒரு பெண் பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு ஓடும், இதோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனுசனுக்குத் தெரிந்துபோகும். வரக்கூடாது சாமி. ஆனால் வந்தால்? வந்தால் உலகத்துக்குத் தெரியுமே, எங்கள் ஜனம் எப்படிச் செத்தது என்று, எங்கள் வெண்ணிலா எப்படிப்பட்டவள் என்று. வரவும் வேண்டும், வரவும் கூடாது, இதென்ன கூத்து, ஒரே நெஞ்சு இரண்டையும் கேட்டால் எந்தச் சாமி கொடுக்கும்.

விளம்பரம் முடிந்து நாடகம் வந்தது. மணலில் நெருப்பு மூட்டிச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். மீன்பிடிக்கிறவன் என்றால் நெருப்பைச் சுற்றி ஆடவேண்டும் என்று எவனடா எழுதிவைத்தான்? விடிகாலையில் கடலுக்குப் போகிறவன் சோறு தின்ற கையோடு குறட்டை விடுவானா, நெருப்பைச் சுற்றி ஆடிக்கொண்டிருப்பானா? அதிலே ஒருத்தன் இன்னா நைனா என்கிறான். நாகப்பட்டினத்துக் கரையில் எவன் நைனா என்றான்? பெண்கள் எல்லாரும் தொப்புள் தெரியச் சேலை கட்டி, மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கூடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகாமல், ஒரு ஈ மொய்க்காமல் சிரித்துக்கொண்டு போகிறார்கள். தையல்நாயகியின் போன் டிங் டிங் என்று அடித்தது, ஊர் வாட்ஸப் குழுவில் ஆளாளுக்குக் குரல் போட்டுக்கொண்டிருந்தார்கள், குஞ்சம்மா அதை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டுச் சிரித்தாள். "டேய், கட்டுமரத்துல அந்த ஆளு ஒக்காந்திருக்கிற லட்சணத்தப் பாருங்கடா, தொழுவத்துல படுத்த மாடு கணக்கா!" இன்னொருத்தி, "எங்கூருல எப்படி மாதா கோயில் வந்துச்சு, மாரியம்மன எங்க கொண்டுபோயி வச்சானுவ?" குவைத்திலிருந்து ஒருவன், "இதப் பாக்கவாடா நான் லீவு போட்டேன்?" தையல்நாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. கோயிலை மாற்றட்டும், பேச்சை மாற்றட்டும், பாறையைக்கூட வைத்துக்கொள்ளட்டும், அந்த ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்யப்போகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். அவர் கண் பெட்டியின் மேலேயே இருந்தது.

வந்தது. விடிந்தது, பாட்டு போட்டார்கள். கடல் சரசரவென்று பின்வாங்கிப் போயிற்று, கண்ணுக்கு எட்டாத தூரம், அடியில் கிடந்த மணல் தகதகவென்று மின்னியது, மீன் துள்ளியது, சிப்பியும் சங்கும் பரப்பிவைத்த மாதிரி கிடந்தது. அவள் பார்த்த கடல் அன்றைக்கு அப்படி எங்கேயும் போகவில்லை, போனதாக வேறு ஊரில் சொல்லக் கேட்டிருக்கிறாள், இங்கே போகவில்லை. நாடகத்தில் எல்லாரும் ஹேய் ஹேய் என்று சிரித்துக்கொண்டு கூடையும் சாக்குமாக ஓடினார்கள், மீன் பொறுக்க. ஒருவன் மடி நிறைய அள்ளினான், இன்னொருவன் அவனைத் தள்ளிவிட்டுப் பிடுங்கினான். தையல்நாயகி எழுந்து நின்றுவிட்டாள். மீன் பொறுக்கவா? மீன் பொறுக்கவா போனோம்? அப்புறம் அந்தப் பெண் பிள்ளை வந்தது. ரோஸ் கவுன் போட்டு, ரெண்டு ரிப்பன் கட்டி, பல் வரிசையாக, பேர் அலைமகளாம்! அலைமகளாம் அலைமகள், கடல்கரையில் எவன் தன் பெண்ணுக்கு அலைமகள் என்று பேர் வைத்தான்? அது மெதுவாக, காற்றில் மிதக்கிற மாதிரி ஓடிவந்து குனிந்து ஒரு சிப்பியை எடுத்தது, காதில் வைத்துக்கொண்டது, சிரித்தது. பின்னால் ஏழு மாடி உயரத்துக்கு நீலமாக ஒரு அலை எழுந்து நின்றது. பிள்ளை சிரித்துக்கொண்டே நின்றது. சிரித்த முகத்திலேயே படம் உறைந்துபோயிற்று, ஒரு பெண் குரல் ஹம்மிங் எடுத்தது. "யக்கா, அந்தப் புள்ளயப் பாருக்கா, பாழாப்போன கடலு," என்று குஞ்சம்மா மூக்கைச் சிந்தினாள். தையல்நாயகிக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்பாடா என்றிருந்தது. உண்மை வரவில்லை, கத்துகிற அப்பன் வரவில்லை, அவருக்குத் தெரியாது, தப்பித்தோம். அந்த அப்பாடா வந்த வேகத்தில் அதன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது, சீ என்றிருந்தது, பெற்ற பிள்ளையைப் பொய்யாக ஆக்கிக் காட்டுகிறான், அதைப் பார்த்து அப்பாடா என்கிறாயே, நீயும் ஒரு தாயா.

சிப்பி பொறுக்கினாளாம்! கடல்கரைப் பிள்ளைக்குச் சிப்பி என்ன அதிசயமா? டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற பிள்ளைகள்தான் சிப்பியைக் கண்டால் குதிக்கும், வெண்ணிலா காலில் குத்தினால் எடுத்து எறிவாள், அவ்வளவுதான் அவளுக்குச் சிப்பி. மாமியார் சீக்காகப் படுத்தபோது பீத்துணி அலசின பிள்ளை. அவளைக் கொண்டுபோய்ச் சிரிக்கவைத்து, ரிப்பன் கட்டி, விளையாட்டுக்குச் செத்தவளாக்கி, ஊர் பூராவையும் ஓசி மீனுக்கு ஆலாய்ப் பறந்து செத்தவர்களாக்கி! நாளைக்கு மெட்ராஸில் ஒருத்தி சொல்வாள், பாவம், பேராசைப்பட்டுப் போனாங்க என்று. பேராசை! அடுத்தவன் போட்டைக் காப்பாற்ற ஓடினவர்களுக்குப் பேராசை! போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது, இப்போது யாரும் சிரிக்கவில்லை, ஒரு கிழவர் குரல் நடுங்க, "நாளைக்கு நம்ம பேரப்புள்ளைங்க இதத்தான் நெசமுன்னு நெனைக்கும்டா," என்றார். தையல்நாயகி போனைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று நிவேதிதாவுக்குப் போட்டாள். முழுத் தொண்டையில் கத்தவேண்டும் போலிருந்தது, கத்தினால் வாசலில் இருக்கிறவருக்குக் கேட்கும், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு காற்றாகத்தான் பேசவேண்டியிருந்தது.

"சிப்பியாடி பொறுக்கினா எம் பொண்ணு?" என்றாள். "அம்மா, நீங்க சொன்னத நான் அப்படியேதான்மா எழுதிக் குடுத்தேன்," என்றாள் நிவேதிதா. "பின்ன எங்க போச்சு?" "மீட்டிங்ல எல்லாரும் கேட்டாங்கம்மா. கடல் பொங்குதுன்னா யாராச்சும் கடலப் பாத்து ஓடுவாங்களான்னு. பாக்குறவங்க நம்ப மாட்டாங்கன்னு சொல்லி மாத்திட்டாங்கம்மா." நம்ப மாட்டார்களாம். தையல்நாயகி தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏழு மாடி அலையை நம்புவார்கள், பாறையை நம்புவார்கள், நெருப்பைச் சுற்றி ஆடுகிறதை நம்புவார்கள், ஒருவன் கூப்பிட்டால் ஒரு ஊரே ஓடிவரும் என்கிறதைத்தான் நம்ப மாட்டார்கள். அவர்கள் ஊரில் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் போலிருக்கிறது. "எல்லாரும் அழுவுறாங்கம்மா, எவ்ளோ பேரு கமெண்ட் போடுறாங்க தெரியுமா, அந்தக் குட்டிப் பொண்ணுக்காக," என்றாள் நிவேதிதா, அவளும் அழுகிற குரலில். "யாருக்காவடி அழுவுறாங்க? அந்த ரோஸ் கவுனுக்கு அழுவுறாங்க. எம் பொண்ணுக்கு ஒருத்தன் அழுவல." "அம்மா, நீங்களே ஒரு வீடியோல உண்மையச் சொல்லிடுங்கம்மா, நான் போடுறேன். எல்லாரும் பாப்பாங்க." தையல்நாயகி வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? எம் பொண்ணு அப்பா கூப்பிட்டாருன்னு ஓடினா என்று சொல்வதா? அந்தப் பாவி மகள் என் பிள்ளையை எனக்கே திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறாள், கை நீட்டி வாங்கினால் புருசன் போய்விடுவான். நாசமாகப் போக, எல்லாம் நாசமாகப் போக, இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, கொட்ட ஒரு இடம் கிடையாது. "வையிடி போன," என்று சொல்லி அவளே வைத்தாள். முகத்தைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள், கொடியில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே போனாள்.

குஞ்சம்மா போயிருந்தாள். டீவியில் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன, உண்மைச் சம்பவத்தைத் தழுவியது, புன்னைமேடு மக்களுக்கு மனமார்ந்த நன்றி என்று போட்டார்கள். கலியமூர்த்தி நாற்காலியை விட்டு எழுந்து பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். குஞ்சம்மா விரலைவிட்ட இடம் அவருக்குத் தெரியவில்லை, பின்னால் தடவித் தடவிப் பார்த்தார், கடைசியில் பிளக்கையே பிடுங்கிப் போட்டார். "பொய்யி," என்றார். தையல்நாயகி திடுக்கிட்டாள். அது அவருடைய பழைய தொண்டை. தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவன் நின்று வீட்டைப் பார்த்தான். "அத்தனையும் பொய்யி! எம் பொண்ணு சிப்பி பொறுக்க வந்தவளா? மானங்கெட்ட பயலுவ! கயிறு புடிக்க வந்த புள்ளய..." தையல்நாயகிக்கு முதலில் புரியவில்லை, பிறகு ஈரத் துண்டு கையிலிருந்து நழுவியது. "யாரு சொன்னா ஒங்களுக்கு?" என்றாள். "அந்த டீவிக்காரப் பொண்ணா?" அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "யாரு சொல்லணும்? நான்தான் கரையில நின்னேன். நான் பாத்தேன் அவள."

"பாத்தீங்களா?" "ம்." அந்த ம், மண்டபத்துச் சுவரோரம் கேட்ட அதே ம், அதைக் கேட்டதும் தையல்நாயகிக்குள் இத்தனை நேரம் நிற்க இடமில்லாமல் நின்ற கோபம் மொத்தமும் ஒரே வழியில் பாய்ந்தது. "தெரிஞ்சேவா? எல்லாம் தெரிஞ்சேவாய்யா அன்னைக்கு ம்முன்ன? இருவது வருசம், ஏ மனுசா, இருவது வருசம் நான் ஒன்ன நெனச்சி நெனச்சிப் பொய்யக் கட்டிக்கிட்டு அழுதிருக்கேன், தூக்கத்துலகூட ஒளறிடுவேனோன்னு பயந்து பயந்து படுத்திருக்கேன், நீ கல்லு கணக்கா ம்முன்னுட்டு ஒக்காந்திருந்தியா?" அவர் மார்பில் ஓங்கி அடித்தாள், மறுபடியும் அடித்தாள், அவர் கையைத் தடுக்கவில்லை. "நீ அவ தூங்கினான்னு சொன்ன," என்றார். "அவ எந்திரிச்சி வந்தது ஒனக்குத் தெரியலன்னு நெனச்சேன். அவ எங்கொரலுக்கு வந்தான்னு தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன். தூங்கினான்னே இருக்கட்டும், அது ஒனக்கு நிம்மதின்னுதான்..." "நிம்மதியா? எனக்கா? அவ எந்திரிச்சி ஓடினத இந்தக் கண்ணால பாத்தவடா நான்!" என்று அவள் கத்தினாள், கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரை அவள் டா போட்டது கிடையாது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளும் எதிரே உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது இருவருக்கும்.

இத்தனை வருசமாக ஒரே வீட்டில், ஒரே பாயில், பிள்ளை ஓடிப்போனதை அவள் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள், பிள்ளை ஓடிவந்ததை அவர் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அப்படியானால் அந்த முகம் இவரிடம்தான் இருந்திருக்கிறது. கேட்கலாமா? பயந்த முகமாக இருந்தால் என்ன செய்வது, அழுத முகமாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு எப்படி மிச்சக் காலத்தைத் தள்ளுவது, டீவிக்காரன் காட்டின சிரித்த முகமே போதும் என்று ஆகிவிட்டால்? கேட்காதே என்று ஒரு மனம் சொன்னது, கேட்டுத் தொலை என்று ஒரு மனம் சொன்னது. "அவ ஓடி வரையில," என்றாள், "மூஞ்சி எப்புடி இருந்துச்சு?" அவர் கைலி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கோவமா வந்தா," என்றார். "கோவமாவா?" "சாப்புட்டுக்கிட்டு இருந்தா போலருக்கு. கையெல்லாம் சோறு. மூஞ்ச இப்புடி உம்முன்னு வச்சிக்கிட்டு வந்தா. வந்து வாலப் புடிச்சிக்கிட்டு என்னையத் திட்டுறா." "என்னன்னு திட்டுனா?" "ஏம்ப்பா காலங்காத்தால இந்தக் கத்து கத்துற, திங்க உடமாட்டியா மனுசிய, அப்புடின்னா." தையல்நாயகிக்குத் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. மனுசியாம்! பதினொரு வயசு மனுசி. ஐயோ என் தங்கமே, அவளேதான், சோற்றில் எழுப்பினால் அப்படித்தான் எரிந்து விழுவாள், வேறு எவளுக்கு வரும் அந்த வாய்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள். "அவ சொன்ன மாதிரியே சொல்லு."

கலியமூர்த்தி ஒருமுறை செருமிக்கொண்டார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார், தெருவுக்கே கேட்கிற மாதிரி, கோபமாக, சொன்னார்.